"நேரமே இல்லை டீச்சர்!" – கடற்கரைப் பெண்களின் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவிலிருந்தும், மண்டபம், தொண்டி பக்கமிருந்தும் வேலைக்கு நடுவே எப்படிச் செபிப்பது, எப்படி விவிலியம் படிப்பது என்று பெண்கள் கேட்டு அனுப்பியவை இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவள். சாமியாரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சகோதரிகளும் கேட்டிருக்கிறீர்கள். என் பேச்சில் கத்தோலிக்க வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பாலம், கடல்பாசி எடுக்கும் தொழில்: காலையில 4 மணிக்கு எந்திரிச்சு செபம் பண்ணினாத்தான் ஆசீர்வாதம்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. பாசிக்குப் போற நாள்ல 4 மணிக்கெல்லாம் சோறு கட்டி முடிச்சு வள்ளத்துக்குக் கிளம்பிருவேன். அப்ப எனக்கு ஆசீர்வாதம் கிடையாதா டீச்சர்?

ஏன் கிடையாது? 4 மணி என்று விவிலியத்தில் எங்கேயும் சட்டம் இல்லை. மாற்கு 1:35-ஐ வைத்துச் சொல்லியிருப்பார்கள். இயேசு இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் வேண்டினார் என்று அங்கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் மத்தேயு 14:23-ல் கூட்டத்தை அனுப்பிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு மலையில் தனியாக இருக்கிறார். லூக்கா 6:12-ல் ராத்திரி முழுக்க வேண்டுகிறார். அவருக்கே ஒரே நேரம் இருந்ததில்லை. எந்த நேரமானாலும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனார், அதுதான் மாறவில்லை.

உங்களுக்குக் கடல்தான் கடிகாரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று நீங்களே பேசிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள். செபத்துக்கும் அதே கணக்கைப் போடுங்கள். கடல் நாளுக்கு ஒரு செபம், கரை நாளுக்கு ஒரு செபம்.

கடல் நாளில் பெரிதாக எதுவும் திட்டம் போடாதீர்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றுவீர்கள் அல்லவா, ஒரு விரலுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே சுற்றுங்கள். பத்து விரலும் முடிந்தால் செபமாலையில் ஒரு பத்து மணி முடிந்தது. திரும்பி வரும்போது உடம்பு விறைத்துக் கிடக்கும். "கரை சேர்த்தீரே, நன்றி" என்று ஒரு வார்த்தை போதும்.

கரை நாளில் இந்தச் சலுகை கிடையாது! மதியம் அடுப்பு அணைந்த பிறகு அரை மணி நேரம் எடுத்து உட்காருங்கள். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம். கடல் நாள் போக மாதத்தில் மிச்சம் 18 நாள். நாளுக்கு ஒரு அதிகாரம் படித்தாலும் கல்யாணம், சடங்கு என்று ஓட இரண்டு நாள் மீதி இருக்கும்.

தொண்டி, கருவாட்டு வியாபாரம்: உழைக்கிறதே செபம்தானே அக்கா? மார்த்தாளும் உழைச்சவதானே? தனியா வேற உக்காரணுமா?

இது நியாயமான கேள்வியா, சாக்கா என்று கேட்டவருக்கே தெரியும்.

முதலில் மார்த்தாவுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். பிரசங்கங்களில் அவளைப் போட்டு அடிப்பது எனக்குப் பிடிக்காது. லூக்கா 10-ல் அவள் வீட்டுக்கு வந்த இயேசு அவளுடைய சமையலைக் குறை சொல்லவில்லை. பல காரியங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். அதே மார்த்தாதான் யோவான் 11:27-ல், சகோதரனைப் பறிகொடுத்த துக்கத்தில் நின்றுகொண்டு, "நீரே மெசியா, இறைமகன்" என்று அறிக்கையிடுகிறாள். பேதுரு சொன்னதற்கு இம்மியும் குறையாத வார்த்தை. அடுத்த அதிகாரத்திலேயே விருந்து நடக்கிறது, அவள் மறுபடியும் பரிமாறுகிறாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆக, கவலையைத்தான் விடச் சொன்னார், கரண்டியை அல்ல.

ஆனால் "உழைப்பே செபம்" என்பதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தனியாகவும் செபிக்கிறவர் சொன்னால் அது உண்மை. எப்போதும் செபிக்காதவர் சொன்னால் சமாளிப்பு. கிழிந்த வலையை வைத்துக்கொண்டே மீன் பிடிக்கலாம், கொஞ்சம் அகப்படவும் செய்யும். ஆனால் அதைக் கரையில் போட்டு உட்கார்ந்து பொத்துகிற நாள் ஒன்று வந்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கருவாடு காயப்போட்ட பிறகு காக்காய், நாய் வராமல் காவல் இருக்கிற நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் முதல் கால் மணியை எடுங்கள். போன் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பாம்பன்: கைக்குழந்தை ஒண்ணு, மூணு வயசுல ஒண்ணு. முழுசா ஒரு செபம் சொல்லி மாசக்கணக்காச்சு.

முழுசாகச் சொல்ல வேண்டாம். திருப்பாடல் (சங்கீதம்) 117-க்கு இரண்டே வசனம், 150 திருப்பாடல்களிலும் சின்னது அதுதான். மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது 131 சொல்லலாம், அதற்கு மூன்று வசனம். தாய் மடியில் அமைதியாகக் கிடக்கிற குழந்தைபோல என் மனம் இருக்கிறது என்று வரும். மடியில் பிள்ளையோடு அதைச் சொல்கிற உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயசுக்காரனை நெற்றியில் சிலுவை போடப் பழக்குங்கள். அவன் உங்களுக்கு ஞாபகப்படுத்துவான்.

தங்கச்சிமடம், ராமநாதபுரத்தில் தனியார் மருத்துவமனை நர்ஸ்: பஸ்ஸுலயே நாள் போயிருது. போன்ல பைபிள் ஆப் இருக்கு. திறந்தா ரெண்டு வசனம் படிக்கிறதுக்குள்ள வாட்ஸ்அப்புக்குப் போயிடுறேன். நைட் டூட்டி வேற.

பஸ் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கடற்கரையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைத்த பெண்கள் குறைவு, பொறாமையாக இருக்கிறது!

ஆப் வேண்டாம். கைப்பைக்குள் நுழைகிற சின்ன புதிய ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஆப்தான் வேண்டுமென்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத் திறங்கள். ஏறினதும் செபமாலை, நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம். பாம்பன் பாலம் வந்ததும் கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள், அந்த நேரத்தில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்கு அப்புறம் அன்றைய நற்செய்தி வாசகம், பத்துப் பதினைந்து வசனம்தான் இருக்கும்.

நைட் டூட்டிக்கென்றே எழுதினதுபோல திருப்பாடல் 134 இருக்கிறது. இரவு நேரத்தில் ஆண்டவரின் இல்லத்தில் பணி செய்கிறவர்களைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வது. அதற்கும் மூன்றே வசனம். வார்டில் ஒவ்வொரு கட்டிலாக ரவுண்டு போகும்போது அந்தந்த நோயாளிக்காக ஒரு வரி மனதுக்குள் சொல்லலாம், சத்தம் வேண்டாம். 1 சாமுவேல் 1:13-ல் கோயிலில் வேண்டிய அன்னாவின் உதடு மட்டும்தான் அசைந்தது. குரு அவளைக் குடிகாரி என்றே நினைத்துவிட்டார்!

மண்டபம், சி.எஸ்.ஐ. சபை: ஒரு வருஷத்துல வேதாகமம் முழுக்க வாசிக்கிற அட்டவணை எடுத்தேன். லேவியராகமத்துல நின்னுபோச்சு. எடுத்தாலே குற்ற உணர்ச்சியா இருக்கு.

லேவியராகமத்தில் நிற்காதவர்கள் குறைவு தங்கச்சி. உங்கள் வேதாகமத்தில் 1189 அதிகாரம். வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வரும். ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருபதுக்கு மேல் பாக்கி. பாக்கி அடைக்கிற மனசோடு வேதத்தைத் திறந்தால் வட்டிக்காரர் முகம்தான் தெரியும், ஆண்டவர் முகம் தெரியாது. அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். ஒரு சுவிசேஷத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், மனசு பிடித்துக்கொண்ட வசனத்தில் நிறுத்திவிடுங்கள். வருஷக் கணக்கு ஆண்டவர் கேட்டதல்ல.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: வீட்டுக்காரரு கடலுக்குப் போன ராத்திரி, இலங்கை நேவி பிடிச்சுருமோ, காத்து அடிச்சுருமோன்னு மனசு அதுலயே கிடக்கு. செபம்னு உக்காந்தா பயம்தான் வருது. அது செபமா?

செபம்தான். பயத்தை முதலில் ஒழித்துவிட்டு அப்புறம் செபிக்கலாம் என்று காத்திருந்தால் இந்தக் கரையில் யாருமே செபிக்க முடியாது.

மாற்கு 4-ல் புயல் அடிக்கும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அழகாக வேண்டவில்லை. சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கத்தினார்கள். அவர்களில் நாலு பேராவது கடல் தெரிந்த மீனவர்கள், அதையும் மறந்துவிடாதீர்கள். அவர் எழுந்து முதலில் காற்றைத்தான் அடக்கினார். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டது அதற்கு அப்புறம். கோபத்தோடு கூப்பிட்ட கூப்பாட்டுக்கும் எழுந்தார்.

திருப்பாடல் 107-ல் 23-லிருந்து 30 வரை வாசியுங்கள். கப்பலேறித் தொழில் செய்தவர்கள், அலை தூக்கித் தூக்கிப் போட்டது, குடிகாரனைப்போலத் தள்ளாடினார்கள், கதறினார்கள், துறை சேர்ந்தார்கள். பெயர் சொல்லி வாசிக்கலாம்: "என் வீட்டுக்காரரையும் துறை சேர்த்தருளும்." பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்துவிட்டால் 13-ஆம் திருப்பாடல். "எவ்வளவு காலம் ஆண்டவரே" என்று சண்டை போடுவதற்கும் விவிலியத்திலேயே வார்த்தை இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், அப்படிப்பட்ட ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடுகிற செபக்குழு) இதே கவலையோடு முழித்திருக்கிற இன்னொருத்தி நிச்சயம் இருப்பாள். அவள் வீட்டுக்குப் போய்விடுங்கள். செபம் வராவிட்டாலும் பரவாயில்லை, தேத்தண்ணி போட்டுக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருங்கள்.

ராமேஸ்வரம்: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டுல ஆம்பளைங்க. ஒரே அறை. குடிச்சிட்டுச் சத்தம். எங்க போயி செபம் பண்ண?

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை உங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இதே கதைதான். கையில் காசும் இல்லாத காலம்.

வீட்டுக்குள்ளேயே இடம் தேடாதீர்கள். கதவைத் தாழிட்டு வேண்டுங்கள் என்று மத்தேயு 6:6 சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவரே கூட்டத்தை விட்டு வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். கோயில் திறந்திருக்கிற மதிய நேரம், தண்ணிக்குக் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிற நேரம், மொட்டை மாடி, எதுவும் ஆகும். குடத்து வரிசையில் ஊர்க்கதை கேட்காமல் போனால் ஒன்றும் குடி முழுகாது.

சத்தத்தோடு அடியும் விழுகிறது என்றால் விஷயமே வேறு. பொறுத்துக்கொள், செபி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சொல்கிறவர் சபைப் பெரியவராக இருந்தாலும் சரி. 181 பெண்கள் உதவி எண். கூப்பிடுங்கள். அதனால் விசுவாசம் குறைந்துபோகாது.

ராத்திரி செபத்துல தூங்கிடுறேன். பாவமா? (நாலைந்து பேர்)

இல்லை. 1 அரசர் 19-ல் இறைவாக்கினர் எலியா வாழ்ந்தது போதுமென்று செடியடியில் படுத்துத் தூங்கினார். வானதூதர் வந்து அவரைத் திட்டவில்லை, எழுந்து சாப்பிடு என்றார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார், மறுபடியும் சாப்பாடுதான் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மலைக்குப் போனது. ராத்திரி தூக்கம் வந்தால் தூங்குங்கள், பெரிய செபத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். பகலிலும் உட்கார்ந்தவுடனே கண் சொக்குகிறதென்றால் ரத்தம் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள். நம் பெண்களின் சோர்வுக்கு ரத்தசோகையும் ஒரு காரணம்.

தங்கச்சிமடம், மீன் வாங்கி விற்பவர்: சனிக்கிழமை கடலுக்குப் போன போட்டு ஞாயிறு காலையிலதான் வரும். அந்நேரம் பூசைக்குப் போனா மீன் போயிரும். மீனுக்குப் போனா பூசை போயிரும்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குச் சேரும், திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பங்கில் மாலைப் பூசை இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள், ஒற்றை ஆளாகப் போகாதீர்கள். ஞாயிறு மாலையில் பக்கத்து ஊரில் எங்காவது பூசை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நோய், கைக்குழந்தை மாதிரித் தகுந்த காரணம் இருந்தால் திருச்சபையே விலக்குக் கொடுக்கிறது. ஆனால் வருஷத்தில் எல்லா ஞாயிறும் மீன்தான் என்றால், ஒரு வாரம் நீங்கள், மறுவாரம் கூட்டாளி என்று ஏலத்துக்கு முறை வைத்துக்கொள்ளப் பாருங்கள். தண்ணிக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு வருஷாவருஷம் போறேன். தினசரி செபம் இல்லைன்னாலும் அது போதாதா?

போங்கள், நானும் போவேன். புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக 1693 பிப்ரவரி 4-ல் தலை கொடுத்த மண். ஆனால் அவர் வருஷத்துக்கு ஒரு நாள் கிறிஸ்தவராக இருந்தவர் இல்லை. அந்தச் செம்மண்ணை வீட்டில் சிலுவைக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள் அல்லவா, விளக்கு வைக்கும்போது அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

குடும்ப செபம்னு கூப்பிட்டா பிள்ளைங்க, மாமியா எல்லாரும் சீரியல் முன்னாடி. என்ன செய்ய டீச்சர்?

8 மணி சீரியலோடு மோதாதீர்கள், தோற்றுப்போவீர்கள். 7:40-க்கு ஆரம்பியுங்கள். முழுச் செபமாலை வேண்டாம், ஒரு பத்து மணி, ஒரு வாசகம், அவரவர் ஒரு வேண்டுதல். வாசகத்தை மாமியாரை வாசிக்கச் சொல்லுங்கள், கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு அவரே எல்லாரையும் கூப்பிடுவார். 7:55-க்கு முடித்துவிட்டு ரிமோட்டை நீங்களே கையில் கொடுங்கள்.