ஆளையும் கொடுத்து 90 லட்சம் டாலரையும் கொடுப்பது லாபமா?

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். 2021 நவம்பரில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி பிராங்கோஸ், லீக் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் 50ஆவது ஆட்டநாயகன் வான் மில்லரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வந்தவை இரண்டு டிராஃப்ட் பிக் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு). போதாக்குறைக்கு அவருடைய மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியையும் பிராங்கோஸே கட்டியது. இது என்ன கணக்கு? உடனே களமிறங்கும் வீரர் ஒருவரைக் கேட்டு வாங்கியிருக்கலாமே?

பதில்: அந்த சீசனில் மில்லருக்குத் தரவேண்டிய பாக்கி 97 லட்சம் டாலர். அதில் 90 லட்சத்தை பிராங்கோஸ் ஏற்றது. ராம்ஸ் பங்கு ஏழு லட்சம்தான். மில்லரை வைத்திருந்தாலும் பிராங்கோஸ் முழுத் தொகையையும் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே இது புதுச் செலவு இல்லை. சாலரி கேப்பில் (அணியின் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு) மூச்சுவிட இடமில்லாத ராம்ஸின் சுமையை இறக்கி வைத்ததற்கான விலைதான் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று பிக் இரண்டும். "சம்பளத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றிருந்தால் பேரம் படிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

விற்காமல் இருந்திருந்தால்? மில்லருக்கு வயது 32, ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது, அணியோ நான்கு வெற்றி நான்கு தோல்வி. சீசன் முடிந்து அவர் வேறு அணிக்குப் போனால் லீக் இழப்புக்கு ஈடாக ஒரு பிக் தரக்கூடும். மிஞ்சிப்போனால் அது மூன்றாம் சுற்றின் வால்பகுதி, அதுவும் 2023இல். இடையில் பிராங்கோஸ் வெளியிலிருந்து பெரிய சம்பளத்தில் ஆள் எடுத்தால் அதுவும் கழிந்துவிடும்.

பிக்குகளுக்கு விலை போட, டல்லாஸ் கௌபாய்ஸ் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பழைய புள்ளிப் பட்டியல் இன்றும் உதவும். முதல் பிக் 3,000 புள்ளி, 33ஆவது 580, 64ஆவது 270, 96ஆவது 116. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூத்த வீரரைத் தேடி வருவது பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி. அதன் பிக் சுற்றின் கடைசியில்தான் வரும். "இரண்டாம் சுற்று" என்றதும் 580 புள்ளியைக் கனவு காணக்கூடாது. ராம்ஸ் கோப்பையை வென்றதால் பிராங்கோஸுக்கு வந்தவை 64ஆவது, 96ஆவது பிக், புள்ளிகளைக் கூட்டினால் 386. அடுத்த ஆண்டு பிக் தருகிறோம் என்றால் ஒரு சுற்று கீழே இறக்கி மதிப்பிடுவது வழக்கம்.

உடனடி உதவி என்பது ராம்ஸ் மாதிரி 7-1 என்று நிற்கும் அணிக்கான சரக்கு. சூப்பர் பவுலில் மில்லர் எதிரணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக்கை இரண்டு முறை வீழ்த்தினார், 23-20 என்று ராம்ஸ் ஜெயித்தது, அடுத்த மாதமே அவர் பஃபலோ பில்ஸுக்குப் போய்விட்டார். அவர்களுக்கு அது நஷ்டமில்லை. 4-4 அணிக்கு இன்னொரு முப்பது வயதுக்காரர் வந்து என்ன ஆகப்போகிறது? டிராஃப்ட் வீரர் நான்கு ஆண்டு மலிவான சம்பளத்தில் கட்டுண்டவர். அந்த 64ஆவது பிக்கில் வந்தவர்தான் நிக் பொனிட்டோ. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 60 லட்சம் டாலர். 2024இல் மட்டும் 13.5 சாக் (எதிரணி குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). எல்லா 64ஆவது பிக்கும் பொனிட்டோ ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மில்லர் விஷயத்தில் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு என்பதால் பின்னால் தொங்கும் பாக்கி இல்லை. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. 2022இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ், மேட் ரையனை இண்டியானபோலிஸ் கோல்ட்ஸுக்கு ஒரே ஒரு மூன்றாம் சுற்று பிக்குக்குக் கொடுத்தபோது, 4.05 கோடி டாலர் டெட் மணியாக (ஆள் போன பிறகும் கேப்பில் ஏறும் தொகை) கணக்கில் ஏறியது. அந்த ஆண்டு கேப்பே 20.82 கோடிதான். காரணம், சம்பளத்தை அவ்வப்போது போனஸாக மாற்றி வருங்கால ஆண்டுகளில் பரப்பி வைத்தது. ஆனாலும் அந்தப் பணம் வீரர் கைக்கு எப்போதோ போய்விட்டது. கட்டிய பிரீமியத்தை நினைத்து உதவாத பாலிசியைச் சுமப்பவர்களிடம் நான் சொல்வதேதான்: போனது போனதுதான், இனிச் செலவாகப்போகும் சம்பளத்தை மட்டும் பாருங்கள்.

விற்கும் தேதியும் முக்கியம். 2.5 கோடி டாலர் போனஸை ஐந்தாண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 50 லட்சம். இரண்டு ஆண்டு கழிந்து, ஜூன் 1க்கு முன் விற்றால் மீதி 1.5 கோடியும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே விழும். பின்னர் விற்றால் இந்த ஆண்டு 50 லட்சம், அடுத்த ஆண்டு ஒரு கோடி. ஆனால் டிராஃப்ட் நடப்பது ஏப்ரலில். ஜூனில் விற்பவருக்குக் கிடைப்பது அடுத்த ஆண்டு பிக்தான். ஒரு சுற்று தள்ளுபடி விலையில்.