கடலை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறதா? விட வேண்டாம்

ராத்திரிக் கடலையும் கோவாவும் (முட்டைக்கோஸ்) சாப்பிட்டால் விடிய விடிய வயிறு ஊதுகிறது, கடலையை விட்டுவிடவா என்று நுவரெலியாவிலிருந்து கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். பாதிக் குற்றம் அவிக்கும் விதத்தில்தான்.

கடலை, பயறு, பருப்பில் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதியம் நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பற்றீரியாக்களுக்கு விருந்து. அவை விடும் ஐதரசனும் காபனீரொட்சைட்டும்தான் உங்கள் ஊதல்.

கடலையை ஒரு இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும். (சத்து போய்விடும் என்று எங்கள் அம்மா கொட்ட விடமாட்டார். அப்புறம் வீடே பாடும்.) இன்னொன்று, உங்கள் ஊர் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், சும்மா சட்டியில் கடலை லேசில் வேகாது. குக்கரில் போடுங்கள், விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்.

கோவாவிலும் ராபினோஸ்தான், கந்தகம் இருப்பதால் நாற்றம் வேறு. லீக்ஸ், வெங்காயம், கோதுமை ரொட்டியில் பிரக்டான், அதுவும் சிறுகுடலில் உடையாத இன்னொரு மாச்சத்து. எல்லாவற்றையும் ஒரே இரவில் சேர்க்காதீர்கள்.

சரி, பால் தேத்தண்ணி குடிப்பீர்களா? ஒரு வாரம் பிளேன்டீக்கு மாறிப் பாருங்கள், பாலில் உள்ள லக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். உடம்பு மெலிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டொக்டரிடம் போங்கள்.