குழந்தை தலை திரும்பவில்லை: சுகப்பிரசவமா, சிசேரியனா?

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சுகப்பிரசவம், 3 கிலோ. இப்போது 36 வாரம். குழந்தையின் புட்டம் கீழே இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. 39-வது வாரத்தில் சிசேரியன் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். "அந்தக் காலத்தில் கால் முன்னால் வந்த பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றோம், இதற்கெல்லாம் ஆபரேஷனா?" என்கிறார் மாமியார். உண்மையில் குழந்தைக்கு எது பாதுகாப்பு?

பதில்: குறித்த தேதியை ரத்து செய்யாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழிகளுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியதாகத் தெரியவில்லை. வயிற்றின் மேல் கை வைத்து, வெளியிலிருந்தே குழந்தையைத் திருப்பிப் பார்ப்பது. உங்களைப் போல ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான்.

28 வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தையாவது புட்டம் கீழாகத்தான் இருக்கும். பெரும்பாலானவை தானே திரும்பிவிடும். மாதம் நிறையும்போது 100-க்கு 3 அல்லது 4 குழந்தைகள் மட்டும் அப்படியே நின்றுவிடுகின்றன. உங்களுக்கு 36 வாரம்தான் ஆகிறது, தானாகத் திரும்ப இன்னும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பி 39 வாரம் வரை சும்மா காத்திருக்க வேண்டாம். முழங்கால் போட்டுக் குனிந்திருக்கும் பயிற்சியைப் பலர் சொல்லியிருப்பார்கள். அது மட்டுமே குழந்தையைத் திருப்பிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

திருப்புவது எப்படி நடக்கும்? முதல் பிரசவம் என்றால் 36 வாரத்திலிருந்தும், அடுத்தடுத்த பிரசவம் என்றால் 37 வாரத்திலிருந்தும் செய்வது வழக்கம். அவசர சிசேரியனுக்கு வசதி உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். முதலில் ஸ்கேன்: நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் போதுமா, முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். கருப்பை தளர்வதற்கு டெர்புடலின் போன்ற ஊசி ஒன்று போடுவதுண்டு. அது போட்டதும் உங்களுக்குப் படபடவென்று வரும், பயப்பட வேண்டாம். வயிற்றில் ஜெல் தடவி, மருத்துவர் ஒரு கையால் புட்டத்தை இடுப்பெலும்புக் குழியிலிருந்து மேலே தூக்குவார். இன்னொரு கையால் தலையைக் கீழ்நோக்கி அணைத்துக்கொண்டு போவார். குழந்தை உள்ளே ஒரு குட்டிக்கரணம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் சில நிமிட வேலை. அழுத்தம் பலமாகவே இருக்கும். வலி தாங்கவில்லை என்றால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் மறுபடி துடிப்புப் பதிவு. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி போடுவார்கள்.

முதல் பிரசவக்காரர்களில் 100-க்கு சுமார் 40 பேருக்கும், ஏற்கெனவே பெற்றவர்களில் சுமார் 60 பேருக்கும் இது பலிக்கிறது. திரும்பிய குழந்தை பழையபடி மாறிக்கொள்வது 100-க்கு 5-க்கும் குறைவு. இதைச் செய்த காரணத்தால் உடனே சிசேரியன் செய்ய நேர்வது 200-ல் ஒருவருக்கு. நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்தாலோ, அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, துடிப்புப் பதிவு சரியில்லை என்றாலோ செய்யக்கூடாது.

திருப்ப முடியவில்லை என்றால்தான் உங்கள் கேள்வி எழுகிறது.

தலை முதலில் வரும் பிரசவத்தில், குழந்தையின் உடம்பிலேயே பெரிய பகுதியான தலை பல மணி நேரம் எடுத்து, வழிக்கேற்ப மெல்ல வடிவம் மாறி இறங்கி வருகிறது. அது வந்துவிட்டால் மற்றது சுலபம். புட்டம் முதலில் வந்தால் எல்லாம் தலைகீழ். தொப்புள் வரை வெளியே வந்த பிறகு தொப்புள்கொடி அழுந்தத் தொடங்கும். அதன்பின் கைகளும் தலையும் வெளியே வர இருப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் எப்போது கை வைக்காமல் விட வேண்டும், எப்போது கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குழந்தையை இழுத்தால், கைகள் தலைக்கு மேலே போய்விடும், கழுத்தும் நிமிர்ந்துவிடும். அங்கேதான் தலை சிக்குகிறது.

இதனால்தான் புட்டம் கீழே என்று மட்டும் தெரிந்தால் போதாது, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரிய வேண்டும். இரண்டு காலையும் முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டு புட்டம் மட்டும் கீழே இருப்பது ஒரு வகை. அதிகம் காணப்படுவதும் இதுதான். சம்மணம் போட்டது போல் இருப்பது இன்னொன்று. பாதம் முதலில் நிற்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில் கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்பே கால்கள் நழுவி வந்துவிடலாம், கொடி முன்னால் சரிந்து விழலாம். இதற்குச் சுகப்பிரசவம் முயல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் மாமியார் சொல்லும் பிள்ளைகள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை.

இனி எண்கள். 2000-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில் 26 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். சிசேரியன் திட்டமிட்ட பிரிவில் 1.6 சதவீதக் குழந்தைகளும், சுகப்பிரசவம் திட்டமிட்ட பிரிவில் 5 சதவீதக் குழந்தைகளும் இறந்தன அல்லது பிறந்ததும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. இந்த ஒரே ஆய்வு உலகம் முழுவதும் பிரசவ அறைகளை மாற்றிவிட்டது. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட பிரசவங்களில் சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர இரண்டே மாதங்கள் ஆயின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது மறுபடி பார்த்ததில், இறப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. தகுதியில்லாதவர்களையும் சுகப்பிரசவத்துக்கு விட்டுவிட்டார்கள், எல்லா இடத்திலும் அனுபவசாலிகள் இல்லை என்ற விமர்சனங்களும் வந்தன. 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் 174 மருத்துவமனைகளில், கவனமாகத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து கண்காணித்துச் செய்தபோது, குழந்தை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது சுகப்பிரசவம் திட்டமிட்டவர்களில் 1.6, சிசேரியன் திட்டமிட்டவர்களில் 1.45 சதவீதம். ஏறக்குறைய சமம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துப் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் சொன்ன கணக்கு: குழந்தை இறக்கும் வாய்ப்பு, 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் 1,000-க்கு 0.5. புட்டம் கீழாக இருந்து சுகப்பிரசவம் திட்டமிட்டால் 1,000-க்கு 2. தலை கீழே இருக்கும் சாதாரணப் பிரசவத்தில் 1,000-க்கு 1.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். யாரும் பயப்படாத சாதாரணப் பிரசவத்துக்கும், எல்லோரும் பயப்படும் இந்தப் பிரசவத்துக்கும் இடையே உள்ள தூரம் 1,000-க்கு ஒன்று. குழந்தைக்குச் சிசேரியன் பாதுகாப்பானது என்பது உண்மை. எவ்வளவு பாதுகாப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சிசேரியன் தரும் இந்தப் பாதுகாப்புக்கான விலையின் பெரும்பகுதி தாயான உங்கள் பக்கம் விழுகிறது. ரத்தப்போக்கு, தொற்று, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஓய்வு என்பவை ஒரு பக்கம். அடுத்த பிரசவம் இன்னொரு பக்கம். தையல் போட்ட கருப்பையோடு சுகப்பிரசவம் முயன்றால் தையல் பிரியும் வாய்ப்பு 200-ல் ஒன்று. நஞ்சு பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். இன்னும் இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. இதோடு குடும்பம் போதும் என்பவருக்கு அவ்வளவு பெரிதல்ல. இன்னொன்று: சுகப்பிரசவம் திட்டமிட்டாலும் 100-ல் 40 பேருக்கு நடுவில் அவசர சிசேரியன் ஆகிவிடுகிறது. தாய்க்கு ஆபத்து அதிகம் உள்ளது அதில்தான்.

திருப்பிப் பார்த்தும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த மாதிரிப் பிரசவத்தை வழக்கமாகப் பார்ப்பவர் உங்கள் மருத்துவமனையில் இருக்கிறாரா? ராத்திரி 2 மணிக்கு வலி எடுத்தாலும் அவர் வருவாரா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். 2000-க்குப் பிறகு பயிற்சி பெற்ற பலர் இப்படி ஒரு பிரசவத்தைத் தன் கையால் பார்த்திருக்கவே மாட்டார்கள். அது அவர்கள் குற்றமும் அல்ல. பதில் "இல்லை" என்று வந்தால், மனக்குறை இல்லாமல் சிசேரியனுக்குச் சம்மதியுங்கள். "ஆம்" என்று வந்தால், பாதம் கீழே இல்லாமல், கழுத்து பின்னால் நிமிராமல், எடை 3.8 கிலோவுக்கு மேல் போகாமல், வளர்ச்சி குன்றாமல் இருந்தால் முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. ஏற்கெனவே 3 கிலோ குழந்தையைச் சுகமாகப் பெற்றிருப்பது உங்களுக்குச் சாதகம். வலி தானாக வந்து, இயல்பாக முன்னேற வேண்டும். வலி வரவழைக்க மருந்து கொடுத்து இழுத்துப் பிடிக்கும் பிரசவமாக இது இருக்கக்கூடாது.

சிசேரியன் தேதிக்கு முன்பே பனிக்குடம் உடைந்தால் வீட்டில் வலிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். வழியில் கொடி போல ஏதேனும் வெளியே தென்பட்டால், முழங்கால் போட்டு மார்பைத் தரையோடு சேர்த்து, இடுப்பை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். கொடியைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். கொடி வெளியே வராத நிலையில், மருத்துவமனை போய்ச் சேர்ந்ததும், சிசேரியனுக்கு முன் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் தானே திரும்பிவிட்ட குழந்தைகளும் உண்டு.

எப்படிப் பிறந்தாலும், குழந்தைக்கு 6 வாரம் ஆகும்போது இடுப்பு மூட்டுக்கு ஸ்கேன் செய்ய வேண்டும் என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதங்களில் புட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்கு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம், பெண் குழந்தை என்றால் இன்னும் கூடுதல். சீக்கிரம் தெரிந்தால் பட்டை மாட்டியே சரிசெய்துவிடலாம்.