சுளுக்கு இல்லை, உள்ளே கிழிசல்

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது, காசிமேடு துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிறான். போன மாதம் சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலைக்கு மசாஜ் செய்து, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து பின்கழுத்தில் வலி. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தோம். நாலாம் நாள் தலைசுற்றல், வாந்தி, நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறான், தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறுகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது என்றார்கள். கிழிந்தால் ரத்தம் வெளியே கொட்டாதா டாக்டர்? ஆபரேஷன் செய்யணுமா? சலூன்காரரைச் சும்மா விடுவதா?
— காசிமேடு வாசகி

பதில்: கொட்டாது, ஏனென்றால் கிழிவது உள்பக்கம் மட்டும்தான். உங்கள் மணிபர்ஸில் உள்ளே தைத்த லைனிங் துணி ஓரமாகப் பிரிந்துவிட்டால் சில்லறை அந்த ஓட்டை வழியாகப் போய், துணிக்கும் தோலுக்கும் நடுவில் சேர்ந்து புடைத்துக்கொண்டு நிற்குமே, அதே கதைதான். ரத்தக்குழாயின் சுவரில் மூன்று அடுக்கு உண்டு. உள்அடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து உப்பி, குழாயின் வழியைக் குறுக்கிவிடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோக முன்கழுத்தில் இரண்டு, முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் இரண்டு என்று நாலு குழாய்கள். தம்பிக்குப் பின்பக்கத்துக் குழாய் என்றுதான் தோன்றுகிறது, தள்ளாட்டமும் புரையேறுவதும் அதோடு ஒத்துப்போகின்றன. ஐம்பது வயதுக்குள் வரும் பக்கவாதத்துக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம், சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் வரும்.

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்தோ, குறைந்தது மூன்று மாதமாவது கொடுப்பார்கள். இரண்டில் எது மேல் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உங்கள் டாக்டர் எழுதியதையே விடாமல் கொடுங்கள், வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள். கிழிசல் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக ஆறும். மறு ஸ்கேன் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை பெட்டி தூக்க வேண்டாம் (முதலாளியிடம் சொல்லி எடை போடுகிற வேலையாவது கேட்டுப் பாருங்கள்). புரையேறுவது நிற்கும்வரை எதை எப்படி விழுங்கலாம் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சலூன்காரர் விஷயம். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதால் குழாய் கிழியலாம், உண்மை. ஆனால் பாரம் தூக்கும்போதும், பைக் விபத்திலும், பலமாக இருமினாலும்கூடக் கிழிவதுண்டு; சிலருக்குப் பிறவியிலேயே குழாய்ச்சுவர் பலவீனமாக இருக்கும். இன்னொன்று, கிழிசலின் முதல் அறிகுறியே கழுத்துவலிதான் என்பதால், வலிக்கிறதே என்று நெட்டி எடுக்கப் போகிறவருக்கு ஏற்கெனவே கிழிந்திருக்கவும் கூடும். சலூனுக்குப் போவதற்கு முன்பே வலித்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். எது எப்படியோ, இனி அந்தக் கழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது, சுளுக்கு எடுக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி உட்பட.

கேள்வி: அப்படியென்றால் கழுத்து வலித்தாலே ஸ்கேன் எடுக்கணுமா?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். தலையணை சரியில்லாமல் வருகிற வலிதான் ஊரில் அதிகம். ஆனால் இதுவரை வராத மாதிரி ஒரு பக்கக் கழுத்திலோ பின்தலையிலோ திடீரென்று வலித்து, கூடவே ஒரு கண் இமை சரிந்து அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்தாலோ, காதுக்குள் நாடித்துடிப்பு மாதிரி சத்தம் கேட்டாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, இரட்டையாகத் தெரிவது, தள்ளாடுவது என்றால் உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.