தெருவில் வாழ்பவர்களைப் படமெடுப்பது: ஃபிரேமும் கிராப்பும் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடற்ற மனிதர்களைத் தெருவில் படமெடுப்பது பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நடைபாதையில் உட்கார்ந்திருப்பவரை நின்றபடியே எடுக்கலாமா, குனிய வேண்டுமா?

உட்காருங்கள். லென்ஸ் அவர் கண் மட்டத்துக்கு வர வேண்டும், குனிந்தால் போதாது. நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் தரையே பின்புலமாகிவிடும். தலை பெருத்து உடல் சிறுத்துத் தெரியும்; அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் என்றால் இன்னும் மோசம். அந்தக் கோணத்தைப் பிறகு எந்தக் கிராப்பும், அதாவது ஓரங்களை வெட்டுவதும், திருத்தாது. உட்கார்ந்தால் அவர் உங்களைப் பார்த்துவிடுவாரே என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அப்போதுதான் வழி கிடைக்கும்.

கேள்வி: ஒரு படத்தை எத்தனை சதவீதம் வரை கிராப் செய்யலாம்?

என்ன கேமரா, எந்த லென்ஸ், படத்தை எங்கே காட்டப்போகிறீர்கள், மூன்றையும் எழுதவில்லை. வெறும் சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? குத்துமதிப்பாகச் சொல்கிறேன். 24 மெகாபிக்ஸல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்ஸல். திரைக்கு அது தாராளம்; 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10-க்கு 7 அங்குலப் பிரிண்ட் போடலாம். 35 மி.மீ. லென்ஸில் எடுத்ததை 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு வெட்டினால் பாதிப் பிக்ஸல் போய்விடும். 28-இல் எடுத்து 50-க்கு வெட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

தூரத்திலிருந்து எடுத்து வெட்டிய முகம், தூரத்திலிருந்து பார்த்த முகமாகவே இருக்கும். பிக்ஸலை வெட்டி யாரும் யாரையும் நெருங்கிவிட முடியாது. ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள்.

கேள்வி: கிராப் செய்வதே ஏமாற்று என்கிறார் என் நண்பர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் கிராப் செய்ததே இல்லையாமே?

பெரும்பாலும் செய்யமாட்டார். ஆனால் பாரிஸின் சான்-லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரை ஒருவர் தாண்டுகிறாரே, 1932-இல் எடுத்த அந்தப் படம் கிராப் செய்யப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தைப் பலகை மறைத்துவிட்டது. 2010-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்தொடரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதிலிருந்த ஒரு படம் ஒரிஜினலின் சின்னஞ்சிறு பகுதி. அவ்வளவு கடுமையாகக் கிராப் செய்ததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் தெரிந்த ஒருவருடைய பாதத்தின் ஒரு துண்டை அழித்ததைத்தான் ஏற்கவில்லை.

போட்டி விதிகள் அப்படி. விதி அனுமதிக்கும் கிராப்பிலும் ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொல்ல முடியும். அடுத்த கடிதமே அதற்குச் சாட்சி.

கேள்வி: முதியவர் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் நண்பர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நண்பரை வெட்டிவிட்டுக் கறுப்பு-வெள்ளையாக்கி, கிளாரிட்டியை (நுணுக்கங்களை அழுத்தமாக்கும் எடிட்டர் வசதி) ஏற்றினேன். தனிமையின் வலி நன்றாக வந்திருக்கிறது. ஆனாலும் காம்போசிஷனில் ஏதோ குறைகிறது. என்ன அது?

அந்த நண்பர்தான்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரிஜினலில் முதியவரின் பார்வை இடப்பக்கம், நண்பரின் முகத்தில் போய் நிற்கிறது. கிராப்பில் அந்தப் பார்வை ஃபிரேமின் ஓரத்தில் முட்டி நிற்கிறது. பேச்சைக் கேட்பதற்காக ஒரு தோளைச் சாய்த்திருக்கிறார். எதிரில் ஆள் இல்லாமல் போனதும் அது துவண்டு சரிந்த தோளாகிவிட்டது. சிரிப்பு தொடங்கப்போகும் வாய், கிளாரிட்டி ஏற்றியதும் வேதனையில் கோணிய வாயாகிவிட்டது. அவரிடம் இல்லாத தனிமையை நீங்கள் உண்டாக்கி அவர்மேல் ஏற்றியிருக்கிறீர்கள். அவரிடம் வீடு இல்லை. நண்பர் இருந்தார். அவரையும் பறித்துவிட்டீர்கள்.

இந்தக் கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. ஃபிரேம் முழுக்க முகம், செதுக்கியதுபோல் சுருக்கங்கள், பளபளக்கும் கண்கள், சுற்றிலும் கரும் இருட்டு: இப்படி வரும் படங்களுக்குக் கணக்கே இல்லை. பத்துப் பேரை எடுத்தாலும் பத்தும் ஒரே படம். அவர் தன் கம்பளியை எப்படி மடித்து வைக்கிறார், செருப்பை எங்கே விடுகிறார், பக்கத்தில் நாய் இருக்கிறதா, மூட்டையில் என்ன வைத்திருக்கிறார், எந்தக் கதவுக்கு முன்னால் இடம் பிடித்திருக்கிறார், எல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகின்றன. அவரை இன்னார் என்று காட்டுபவை அவைதான். மிஞ்சுவது துயரம் என்ற முத்திரை மட்டுமே.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த புலம்பெயர் தாயின் படம் எல்லோருக்கும் தெரியும். சில ஃபிரேம்கள் எடுத்தார். முதலில் தூரத்திலிருந்து, கூடாரமும் சாமான்களும் தெரிய. பிறகு படிப்படியாக நெருங்கி. புகழ்பெற்ற அந்தப் படத்தில் கூடாரம் பெயரளவுக்குத்தான். இரண்டு பக்கமும் குழந்தைகள் முகம் திருப்பியிருக்க, தாயின் முகம் மட்டும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. காலால் நடந்தே செய்த கிராப் என்று அதைச் சொல்வேன், அபாரமானது. ஆனால் லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்ற பெயர் உலகுக்குத் தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம் என்று தாம்ப்ஸன் வருந்தினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றார்கள் என்று லாங்கே எழுதியதையும் குடும்பத்தார் மறுத்தார்கள். நல்ல உள்ளம் கொண்ட, கை தேர்ந்த ஒருவருக்கே இப்படி. ஒன்று மட்டும் லாங்கேயின் பக்கம் சொல்லலாம்: தூரத்து ஃபிரேம்களும் அரசு ஆவணத்தில் இருக்கின்றன, வெளியே என்ன இருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கலாம். உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த வழி இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஒரிஜினலைத் திறங்கள். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் சுவர், அதை வெட்டுங்கள். மேலே குறுக்கே போகும் கம்பியை வெட்டுங்கள். நண்பரின் முழங்கை ஓரத்தில் அறுபடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். கிளாரிட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறம் இருக்கட்டும். இருவரிடமும் கேட்டுவிட்டு எடுத்தீர்களா என்றும் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால் படம் உங்களோடு இருக்கட்டும்.

கேள்வி: தூங்கிக்கொண்டிருப்பவரை எடுக்கும்போது தலையை ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் வைக்கலாமா?

தூங்குபவரை எடுக்காதீர்கள். சென்ற முறையும் சொன்னேன்.

கேள்வி: ஆளே இல்லாமல் வீடின்மையைக் காட்ட முடியுமா?

முடியும். அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் 1974-75-இல், வீடற்றவர்களுக்குப் பேர்போன நியூயார்க்கின் பவரி தெருவை அப்படித்தான் எடுத்தார். மூடிய கடை முகப்புகளும் காலிப் புட்டிகளும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் குடிபோதையைக் குறிக்கும் சொற்கள். மனிதர் ஒருவர்கூட இல்லை. படுக்க முடியாதபடி நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சுகளை எடுத்துப் பாருங்கள். நேர் எதிரே நின்று, கைப்பிடிகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும்படி, முழு நீளத்தையும் ஃபிரேமுக்குள் வையுங்கள். இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு ஆள் நீள முடியாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். ஓரத்தில் கிராப் செய்தால் அந்த அளவு போய்விடும்.

கேள்வி: சொகுசு வீட்டு விளம்பரப் பலகைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முரண் அருமையாக இருக்கிறதே?

எழுத்து ஃபிரேமுக்குள் இருந்தால் கண் முதலில் எழுத்தைத்தான் படிக்கும். கீழே இருக்கும் மனிதர் அந்த வாசகத்துக்கு அடிக்குறிப்பாகிவிடுவார். உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் இதை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தை வெட்டி, கைகளை மட்டும் வைத்தால் போதுமா?

போதாது. பச்சை குத்தியது, தழும்பு, மூட்டை, பின்னால் தெரியும் கடைப் பலகை, எதை வைத்தும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபைலில் ஜிபிஎஸ் (எடுத்த இடத்தின் குறிப்பு) இருந்தால் அவர் இரவு படுக்கும் இடமே அதில் இருக்கிறது, அதை நீக்குங்கள். சில மென்பொருள்களில் நீங்கள் கிராப் செய்த பிறகும் ஃபைலுக்குள் இருக்கும் சிறுபடம் பழைய முழுப் படமாகவே இருக்கும். வெட்டியெறிந்த பகுதியைத் திரும்ப எடுக்க முடிகிற கோளாறு ஒரு போனின் எடிட்டரில் இருந்தது 2023-இல் வெளிவந்தது. வெளியிடுவதற்குப் புதிதாக எக்ஸ்போர்ட் செய்த பிரதியை மட்டும் கொடுங்கள். ஒரிஜினலை அழிக்காதீர்கள், அது உங்களிடம் இருக்கட்டும்.

கைகளை எடுத்தால் மணிக்கட்டில் வெட்டாதீர்கள். முன்கையின் நடுவில் வெட்டுங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இதேதான்.

கேள்வி: அவசரத்தில் எடுத்ததால் படங்கள் 5 டிகிரி சாய்ந்திருக்கின்றன. நிமிர்த்தலாமா?

நிமிர்த்தலாம். 3:2 (அகலம்-உயரம்) படத்தில் அதற்கே ஐந்தில் ஒரு பங்கு பரப்பு போய்விடும், முதலில் போவது மூலைகள். பாதங்கள் அங்கே இருந்தால் அறுபட்டுவிடும். அதைவிட, ஏன் அவசரம் என்று எழுதுங்கள். அவர் பார்த்துவிடுவார் என்ற பயம் என்றால் முதல் கேள்விக்கான பதிலைத் திரும்பப் படியுங்கள்.