சாப்பிட மறுக்கும் பொமரேனியன்

கேள்வி: எங்கள் நான்கு வயதுப் பொமரேனியன் இரண்டு நாட்களாகத் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. பசித்தால் தானே சாப்பிடும் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
- வாசகி, மயிலாப்பூர்.

பதில்: காத்திருக்க வேண்டாம். மாமியார் சொல்வது, பிஸ்கட்டுக்குப் பழகி அடம்பிடிக்கும் நாய்க்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் இரண்டு நாள் பட்டினியை அடம் என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் நான் முதலில் சந்தேகிப்பது உண்ணிக் காய்ச்சலைத்தான் என்பதால், காதுமடலின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்றும், உதட்டைத் தூக்கி ஈறு வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிறிய இன நாய்களுக்குப் பல்லில் காறை படிந்து ஈறு வீங்குவது மிகச் சாதாரணம். முகர்ந்து பார்த்துவிட்டு விலகுவதற்கு வாய்வலியும் காரணமாக இருக்கலாம்.

இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, வெதுவெதுப்பாகச் சிறிதளவு வைத்துப் பாருங்கள். உங்களுடையது சைவ வீடாயின் பக்கத்து வீட்டாரின் தயவை நாடுவதில் தவறில்லை. வாயைத் திறந்து திணித்தால் புரையேறும். காய்ச்சல் என்று எண்ணி நமக்கான பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு நஞ்சாகலாம். அருகில் மருத்துவர் இல்லையென்றால், வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.