‘செலவு கூடிவிட்டது’ என்று பள்ளி சொன்னால் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: என் மகள் சேலம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் 22,000 ரூபாயாக இருந்த கட்டணம் இந்த வருடம் 27,000. பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். அதன்படி பள்ளியின் ஆண்டுச் செலவு 1.18 கோடியிலிருந்து 1.62 கோடியாகிவிட்டது. ஒரே வருடத்தில் இவ்வளவு ஏறுமா? மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு வட்டியில்லாத மாதத் தவணை உண்டு, கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

சரி, அந்தத் தாள். 1.62 கோடிக்குள் ‘கட்டடம் 38 லட்சம்’ என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? இப்படிப்பட்ட பள்ளிகளைப் பெரும்பாலும் அறக்கட்டளைகள்தான் நடத்துகின்றன. வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறக்கட்டளையின் நோக்கத்துக்குச் செலவிட்டதாகக் காட்ட வேண்டும். கட்டடம் கட்டிய பணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். வருமான வரிக்கு அது சரியான கணக்கு. அதையே பெற்றோர் முன் நீட்டி ‘செலவு ஏறிவிட்டது’ என்று சொல்வதுதான் தந்திரம். பல பத்தாண்டுகள் நிற்கப் போகிற கட்டடத்துக்கு ஒரு வருடத்துப் பிள்ளைகள் பணம் கட்ட முடியாது. அந்த வரியை எடுத்துவிட்டால் மிச்சம் 1.24 கோடி. ஏற்றம் சுமார் 5 சதவீதம். உங்கள் கட்டணமோ 23 சதவீதம் ஏறியிருக்கிறது.

இன்னொன்றும் அதே தாளில் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை 560இலிருந்து 620 ஆகியிருக்கிறது. தலைக்குக் கணக்குப் போட்டால் முன்பு ஏறக்குறைய 21,000 ரூபாய், இப்போது 20,000. அதாவது ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு குறைந்திருக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 35 பேர் இருந்த வகுப்பில் 39 பேர் உட்கார்ந்தாலும் அதே ஆசிரியர், அதே மின்விசிறி, அதே வாட்ச்மேன்தான். மொத்தச் செலவை மட்டும் காட்டினால் மாணவர் எண்ணிக்கையையும் கேளுங்கள்.

உண்மையாகவே ஏறும் செலவுகளும் உண்டு. பெரும்பங்கு சம்பளம், அதை உயர்த்தினால் பி.எஃப் பங்கும் பல நேரம் சேர்ந்து உயரும். 2022இல் சொத்து வரியும் மின்கட்டணமும் ஏறின. மின்கட்டணம் அதற்குப் பிறகும் ஏறியது. வண்டிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், டீசல். ஆனால் வேன் செலவை வேனில் போகாத பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘வாடகை’ என்ற வரியில் விரலை வைத்து, இடம் யாருடையது என்றும் கேளுங்கள். நான் தணிக்கை செய்த கணக்குகளில் எத்தனையோ தடவை அது தாளாளரின் மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ இருக்கும். அந்த வாடகை மட்டும் எந்த வருடமும் ஏறாமல் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தில் பள்ளியின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கல்வி உரிமைச் (ஆர்.டி.இ.) சட்டப்படி 25 சதவீத இடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு அரசுதான் பணம் தர வேண்டும். அது காலத்தில் வருவதில்லை. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்த தகராறில் 2025-26க்கான சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. இரண்டு அரசுகளும் மாறி மாறி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, ஜூன் மாதச் சம்பளத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வரவு தாமதமானதைச் செலவு கூடியதாக எழுதக்கூடாது. அது வர வேண்டிய பாக்கி. இந்தத் தாளில் 14 லட்சம் ‘ஆர்.டி.இ. இழப்பு’ என்று செலவுப் பக்கம் எழுதியிருப்பது தவறு. அந்தப் பாக்கியைச் சமாளிக்க வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் எடுத்து வட்டி கட்டியிருந்தால், அந்த வட்டி உண்மையான செலவு. வட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள், அசலை ஏற்காதீர்கள். நாளைக்கு அரசுப் பணம் வந்தால் அதை உங்களுக்கா திருப்பித் தரப்போகிறார்கள்? இதன்படி பார்த்தால் நான் மேலே சொன்ன 1.24 கோடியும் இன்னும் குறையும்.

இனி சட்டம். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கும். அது மூன்று வருடத்துக்கு. பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கு நியாயமான உபரி எல்லாவற்றையும் அதில் பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் செலவுத் தாள் அல்ல, குழுவின் ஆணை. அதில் ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு, எந்த வருடங்களுக்கு என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் திருப்பித் தர வேண்டும். சட்டத்தில் சிறைத் தண்டனை வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள், எழுதியதோடு சரி. பெற்றோரே மனுவோடு போய் நிற்காவிட்டால் ஒன்றும் நகராது. எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், சென்னை கல்லூரிச் சாலை வளாகத்தில் இருக்கும் குழுவுக்கும் பதிவுத் தபால் போடுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். கட்டணம் வசூலிக்க டி.சி.யைப் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.

அப்புறம் அந்தத் தவணை. இப்படிப்பட்ட தவணையைத் தருவது பெரும்பாலும் பள்ளி இல்லை, ஒரு நிதி நிறுவனம். வருடக் கட்டணம் முழுவதும் அங்கிருந்து பள்ளிக்குப் போய்விடும், கடனாளி நீங்கள். பாதி வருடத்தில் மகளை வேறு பள்ளிக்கு மாற்றினாலும், கூடுதல் கட்டணம் செல்லாது என்று குழுவே சொன்னாலும், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும். பள்ளியோ, ‘அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம்’ என்று கைகழுவிவிடும். வட்டியில்லை என்பதை நம்பி ‘செயல்பாட்டுக் கட்டணம்’ (பிராசசிங் ஃபீ) என்ற வரியைப் படிக்காமல் விடாதீர்கள். கூட்டம் நடக்கும்போதே போனுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் அதுவே கையெழுத்துதான். பள்ளியிடமே நேரடியாக மூன்று தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘கமிட்டியில் ஆள் தெரியும், ஐயாயிரம் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதே ஆள் பள்ளியிடம் போய்க் கட்டணத்தைக் கூட்டித் தருவதாகவும் பணம் வாங்கியிருப்பார்.

கட்டும் பணத்துக்கெல்லாம் பள்ளியின் பெயரும் ரசீது எண்ணும் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் ‘வளர்ச்சி நிதி’ என்று எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். வருமான வரிக்குப் பழைய முறையில் நீங்கள் கணக்குக் காட்டுபவராக இருந்தால் பள்ளியின் கல்விக் கட்டணத்துக்கு (டியூஷன் ஃபீ) மட்டும்தான் கழிவு கிடைக்கும். வளர்ச்சி நிதிக்கும் நன்கொடைக்கும் கிடைக்காது.